ஸ்வீடன் காரிடார் அறை: கொடுக்கிற வாடகைக்கு என்னவெல்லாம் கிடைக்கிறது?

ஸ்வீடனில் உதவித்தொகையோடு முதுகலை படிக்கப் போகிறவருக்கு, கொடுக்கிற காசுக்கு நியாயமான தங்குமிடம் காரிடார் அறைதான். தனி அறை, பெரும்பாலும் அதற்குள்ளேயே குளியலறையும் கழிப்பறையும். சமையலறை மட்டும் எட்டு முதல் பன்னிரண்டு பேருக்குப் பொது. ஊரையும் கட்டடத்தையும் பொறுத்து வாடகை மாதம் சுமார் 4,000 முதல் 6,500 குரோனர். வெந்நீர், ஹீட்டர், இணையம், பல இடங்களில் மின்சாரமும் இதிலேயே அடக்கம். அறையை மட்டும் பார்த்தால் சுமார் ரகம்தான். கட்டடத்தில் கூடவே கிடைப்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அருமை தெரியும்.

முதலில் காசுக் கணக்கு. ஸ்வீடன் அரசு அமைப்பான ஸ்வீடிஷ் இன்ஸ்டிட்யூட் தரும் உதவித்தொகை சமீப ஆண்டுகளில் மாதம் 12,000 குரோனர், கல்விக் கட்டணத்தையும் அதுவே தனியாகக் கட்டிவிடும். வாடகைக்கு 5,500 போனாலும் 6,500 மிஞ்சும். சாப்பாடு, பஸ், போன் எல்லாம் அதில் தாராளமாக அடங்கும். அதே 12,000-ஐ வைத்துக்கொண்டு 9,000 குரோனர் ஸ்டுடியோவுக்கு ஆசைப்பட்டால் மாதக் கடைசியில் திண்டாட்டம்தான். பல்கலைக்கழகங்கள் தரும் உதவித்தொகை வேறு வகை. ஸ்டாக்ஹோமில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான கேடிஹெச் கல்விக் கட்டணத்தை மட்டுமே ஏற்கிறது. லுண்ட் பல்கலைக்கழகம் அந்தக் கட்டணத்திலும் கால், அரை, முக்கால், முழுது என்று பங்கு பிரித்துத்தான் தருகிறது. அவற்றில் சேர்கிறவர்கள் வாடகையைக் கைக்காசில்தான் கட்ட வேண்டும். குடியேற்ற அலுவலகத்துக்கு மாதம் 10,000 குரோனருக்குச் சற்று மேல் கணக்கில் இருப்பதைக் காட்டவும் வேண்டும்.

அறை பிடிப்பதுதான் இந்தச் சேவையின் மோசமான பகுதி. ஸ்டாக்ஹோமில் எஸ்எஸ்எஸ்பி, லுண்டில் ஏஎஃப் பூஸ்டேடர் போன்ற மாணவர் குடியிருப்பு அமைப்புகளிடம் வரிசை உண்டு. எஸ்எஸ்எஸ்பியில் காத்திருந்த நாட்கள்தான் நாணயம்: அதிக நாள் சேர்த்தவருக்கே அறை. புதிதாக வருகிறவரிடம் நாட்களே இருக்காது. கட்டணம் செலுத்தும் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்களின் குடியிருப்பு அலுவலகங்கள் பொதுவாக முன்னுரிமை தருகின்றன. அதற்கான விண்ணப்பம் சேர்க்கைக் கடிதத்தோடு தானாக வராது. தனியாகப் போட வேண்டும், அதற்குத் தனிக் கடைசி நாளும் உண்டு. உதவித்தொகை முடிவு வரட்டும் என்று காத்திருந்து அந்தத் தேதியைக் கோட்டைவிடுகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் தரும் அறையும் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். ஆகவே வந்து இறங்கிய வாரமே மாணவர் சங்கத்தில் சேர்ந்து, பொது வரிசையிலும் பெயரைப் போட்டு வைத்தால் இரண்டாம் ஆண்டுக்கு அலைய வேண்டாம்.

வரிசையில் கிடைக்காதபோது இன்னொரு மாணவரின் அறையை உள்வாடகைக்கு எடுப்பார்கள். இதில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். வீட்டு நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அசல் குடித்தனக்காரர் ஒப்பந்தத்தை இழப்பார், உங்களுக்கும் இடம் போகும். அசல் வாடகைக்கு மேல் கட்டில், மேசை போன்ற பொருள்களுக்காக அதிகபட்சம் 15 சதவீதம் வாங்கலாம். அதற்கு மேல் கேட்டால் அடாவடி. 2019 அக்டோபர் முதல், அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விட்டு நியாயமற்ற வாடகை வாங்குவது குற்றமும்கூட. மூன்றாவது, 'இந்த முகவரியில் உங்கள் பெயரைப் பதிவு செய்யக்கூடாது' என்று சொல்லும் இடத்தை விட்டு உடனே நகருங்கள். முகவரிப் பதிவு இல்லாமல் ஸ்வீடனில் எதுவும் நகராது. ஓராண்டோ அதற்கு மேலோ தங்கப் போகிறவர் வரி அலுவலகத்தில் பதிந்தால் தனிநபர் எண் கிடைக்கும். அதை வைத்து அடையாள அட்டை, அட்டையை வைத்து வங்கிக் கணக்கு, கணக்கை வைத்து பேங்க்ஐடி என்ற மின்னணு அடையாளம், அதை வைத்து போனில் பணம் அனுப்பும் ஸ்விஷ் செயலி. ஒன்று தடைபட்டால் அடுத்ததும் நிற்கும். கதவிலோ தபால் பெட்டியிலோ உங்கள் பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உள்வாடகைக்காரர் என்றால் அசல் குடித்தனக்காரரின் பெயரை முகவரியில் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.

சாவி விஷயத்திலும் கவனம் தேவை. ஒப்பந்தம் தொடங்கும் நாள் வார இறுதியில் விழுந்தால் சாவி அடுத்த வேலைநாளில்தான். சனிக்கிழமை இரவு வந்து இறங்கும்படி டிக்கெட் எடுத்தால் இரண்டு இரவு ஹாஸ்டல் செலவு சேரும்.

அறைக்குள் சொல்ல அதிகமில்லை. 90 சென்டிமீட்டர் கட்டில், மேசை, அலமாரி. பல அறைகள் அதுவும் இல்லாமல் வெறுமையாகவே வரும். ஹீட்டர் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம், அறை சுமார் 20 டிகிரியைத் தொட்டதும் தெர்மோஸ்டாட் தானே அடைத்துக்கொள்ளும். திரைச்சீலையோ கட்டிலோ அதை மறைத்தால் தெர்மோஸ்டாட் ஏமாந்து, அறை குளிரும். ஜன்னலருகே உள்ள காற்றுத் துவாரத்தைக் குளிருக்குப் பயந்து டேப் போட்டு ஒட்டுகிறவர்கள் உண்டு. இரண்டே மாதத்தில் குளியலறையில் பூஞ்சை வரும், அதைச் சுத்தம் செய்யும் செலவு உங்கள் தலையில் விழலாம்.

இணையத்துக்குச் சுவரில் ஒரு கேபிள் துளை இருக்கும், ரவுட்டரை நீங்கள்தான் வாங்க வேண்டும். சுவரிலிருந்து வரும் கேபிளை ரவுட்டரில் வான் (WAN) என்று எழுதிய துளையில்தான் செருக வேண்டும். தவறிப்போய் லேன் (LAN) துளையில் செருகினால் உங்கள் ரவுட்டர் பக்கத்து அறைகளுக்கெல்லாம் பொய்யான ஐபி முகவரி கொடுக்கத் தொடங்கும். அவர்களுக்கு இணையம் போகும். சற்று நேரத்தில் உங்கள் துளையையும் நிர்வாகம் அடைத்துவிடும்.

சமையலறை முழுக்க முழுக்க அதிர்ஷ்டம். குளிர்பெட்டியில் ஒரு தட்டு, ஃப்ரீசரில் ஒரு பங்கு, பூட்டக்கூடிய ஓர் அலமாரி, இவ்வளவுதான் உங்கள் சொத்து. அடுப்பு சூடாகவில்லை என்று புதியவர்கள் புகார் கொடுப்பது வழக்கம். பக்கத்தில் உள்ள டைமர் குமிழைத் திருப்பினால்தான் பல அடுப்புகளுக்கு மின்சாரமே வரும். நேரம் முடிந்ததும் தானே அணையும் என்பதால் பருப்பு வேகும் நேரத்துக்கும் சேர்த்தே திருப்பி வையுங்கள். இன்டக்‌ஷன் அடுப்பில் சாதாரண அலுமினியக் குக்கர் வேலை செய்யாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரமாகப் பார்த்து ஊரிலிருந்து எடுத்துப் போங்கள். தாளிக்கும்போது காரிடார் பக்கக் கதவைச் சாத்திவிட்டு, புகைபோக்கியை முழு வேகத்தில் வையுங்கள். புகை அலாரத்தைப் பிளாஸ்டிக் உறையால் மூடுவது சிலரின் கண்டுபிடிப்பு, வேண்டவே வேண்டாம். சில கட்டடங்களில் அலாரம் நேரே தீயணைப்பு நிலையத்துக்குப் போகும், வீணாக வரவழைத்தால் பில் வரும்.

சுத்தம் செய்யும் முறைப் பட்டியலில் தேதி இருக்காது, வார எண்தான் இருக்கும். போன் காலண்டரில் வார எண்ணைக் காட்டும்படி அமைத்துக்கொள்ளாதவர் தன் முறையைத் தவறவிடுவது நிச்சயம். உப்சாலாவின் ஃப்ளோக்ஸ்டா குடியிருப்பில் அறை கிடைத்தவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: இரவு பத்து மணிக்கு ஜன்னல்களைத் திறந்து எல்லாரும் அலறுவார்கள். அது பழைய வழக்கம், அவசர உதவி எண்ணான 112-ஐ அழைக்க வேண்டாம்.

இந்த மொத்த ஏற்பாட்டிலும் முழு மதிப்பெண் வாங்குவது சலவை அறை. பலகையில் த்வெட்ஸ்டூகா என்று இருக்கும், பெரும்பாலும் அடித்தளத்தில். வீட்டு மெஷினைவிடத் திடமான வாஷிங் மெஷின்கள் இரண்டோ மூன்றோ, சுழலும் டிரையர், வெப்பக்காற்று அடிக்கும் உலர்த்து அலமாரி. பல கட்டடங்களில் இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. பதிவு செய்வது இணையத்திலோ, சுவரில் உள்ள திரையில் சாவித் தகட்டைக் காட்டியோ நடக்கும். பழைய கட்டடங்களில் உங்கள் அறை எண் பொறித்த சிறு பூட்டைப் பலகையில் வேண்டிய நேரத்துக்கான துளையில் செருகுவீர்கள். ஒரு முறைக்கு மூன்று, நான்கு மணி நேரம். குறித்த நேரம் தாண்டி அரைமணிக்குள் தொடங்காவிட்டால் அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது பரவலான விதி. ஞாயிறு மாலை முதலில் நிரம்பும், வேலைநாள் காலைகள் காலியாகக் கிடக்கும்.

நேரம் போதவில்லை என்று புலம்புகிறவர்கள் செய்வது இரண்டு தவறுகள். ஒன்று, மெஷினை அடைத்துத் திணிப்பது. டிரம்மின் மேல்பகுதியில் ஒரு கை நுழையும் இடம் விட்டால்தான் துணி புரளும், அழுக்கும் போகும். மற்றொன்று, சோப்புத்தூளை அள்ளிப் போடுவது. ஸ்டாக்ஹோம் தண்ணீர் மென்மையானது. பாக்கெட்டின் பின்புறம் தண்ணீர் வகைவாரியாக அளவு போட்டிருக்கும், அதில் மென்னீருக்கான மிகக் குறைந்த அளவே போதும். கூடினால் நுரை பெருகும், சில மெஷின்கள் அதை உணர்ந்து கூடுதலாக அலசத் தொடங்கும், உங்கள் நேரம் அங்கேயே கரையும். 60 டிகிரிக்குரிய படுக்கை விரிப்பையும் துண்டையும் முதலில் போடுங்கள், அவைதான் காய அதிக நேரம் எடுக்கும். பிழியும் வேகத்தைக் கூட்டி வைத்தால் உலர்த்தும் நேரம் வெகுவாகக் குறையும். உலர்த்து அலமாரியில் கம்பிக்கு ஒரே அடுக்காகத் தொங்கவிட வேண்டும், நெருக்கினால் நடுவில் ஈரம் நிற்கும். புதுக் கைத்தறித் துணியும் அடர்நிறச் சட்டையும் முதல் இரண்டு தடவை தனியாக, 30 டிகிரியில். சாயம் இறங்கினால் அடுத்து வருகிறவரின் வெள்ளைத் துணியும் பாழாகும். கம்பளி ஸ்வெட்டரை டிரையரில் போட்டால் குழந்தைக்குத்தான் ஆகும்.

முடித்ததும் டிரையரின் பஞ்சு வடிகட்டியைத் துடைத்து, சோப்புப் பெட்டியை அலசி, மெஷின் கதவைத் திறந்து வைத்து, தரையைப் பெருக்க வேண்டும். பஞ்சு அடைத்தால் துணி காயாது, தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. நேரம் முடிந்தும் உங்கள் துணி உள்ளே கிடந்தால் அடுத்தவர் கூடையில் கொட்டிவிடுவார். வாயால் எதுவும் சொல்லமாட்டார். சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். எழுத்து கண்ணியமாகத்தான் இருக்கும், ஆனால் ஆச்சரியக்குறிகளை எண்ணிப் பாருங்கள்.

காலி செய்வதற்கும் வருமுன்பே திட்டம் வேண்டும். சட்டப்படி முன்னறிவிப்பு மூன்று மாதம், மாணவர் குடியிருப்புகளில் அது குறைவாகவும் இருக்கலாம். கணக்கு மாத முடிவிலிருந்து தொடங்கும்: மே 31-ல் சொல்வதற்கும் ஜூன் 1-ல் சொல்வதற்கும் ஒரு மாத வாடகை வித்தியாசம். குடிபுகுந்த முதல் சில நாட்களில் கீறல், கறை, உடைந்த கொக்கி எல்லாவற்றையும் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பி வையுங்கள், இல்லாவிட்டால் பழைய குடித்தனக்காரரின் கறைக்கும் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். கடைசிச் சோதனையில் பலர் மாட்டுவது இரண்டு இடங்களில். குளியலறைத் தரை வடிகாலின் மூடியைத் தூக்கி உள்ளே சேர்ந்த முடியை எடுத்திருக்க வேண்டும். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்றால் திருகைக் கழற்றி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவிலும் துடைத்திருக்க வேண்டும். இதை விட்டால் நிறுவனம் ஆள் வைத்துத் துடைத்துவிட்டு, மணிக்கணக்கில் கூலி போட்டு ஊர் முகவரிக்கு பில் அனுப்பும்.