சமூகப் பணிப் பட்டம் என்று சொல்லி 42,000 ராண்ட் வாங்கினார்கள்: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு

ஜனவரியில் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) ரிசல்ட் வந்த மறுநாளே டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் காலேஜ் விளம்பரம் ஏறிவிடும். யூனிவர்சிட்டியில் இடம் கிடைக்காத பிள்ளைகளும் பதறிப்போன பெற்றோரும்தான் அவர்களுக்குக் குறி. போன வெள்ளிக்கிழமை கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மடியில் பச்சைக் கரை போட்ட ஒரு படிவத்தைப் பார்த்தேன். பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. 2023 பிப்ரவரியில் நான் கையெழுத்துப் போட்டதும் அதே படிவம்தான். பூஜை முடியும்வரை காத்திருந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காலேஜ் பெயரைப் போடவில்லை. என் புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. அதோடு, இவர்கள் ஒரு பெயரைக் கழற்றி வைத்துவிட்டு வேறு பெயரில் போர்டு மாட்டிக்கொள்வார்கள். பெயரைத் தெரிந்துகொள்வதைவிட அவர்கள் ஏமாற்றுகிற வழியைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

நான் நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி 2010 இல் இங்கே வந்தேன். பிள்ளைகள் பெரிய வகுப்புக்குப் போன பிறகு சனிக்கிழமைகளில் ஒரு முதியோர் இல்லத்துக்கு உதவிக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே தொண்ணூறை நெருங்கிய ஒரு ஆயா இருந்தார். வாழ்நாள் முழுக்க ஆங்கிலம் பேசியவர், கடைசி காலத்தில் அது மறந்துபோய்த் தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது. நர்ஸுகளுக்கு அவர் கேட்பது புரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பக்கம் மழை உண்டா கண்ணு?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேத்தி அவர், நாகர்கோவிலைப் பார்த்ததே இல்லை. அந்த இல்லத்தின் சமூகப் பணியாளர்தான், "நீங்கள் இதை முறையாகப் படிக்கலாமே" என்று ஆசையை விதைத்தார். எங்கள் தெருவிலேயே 'சுகர்ஸ்' என்ற போதைப்பொருள் பழக்கத்தில் இரண்டு பையன்கள் வீணாய்ப் போனதைக் கண் முன்னால் பார்த்தவள் நான். மனதில் பலமாகப் பதிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. "வணக்கம் அக்கா" என்று தமிழ் எழுத்திலேயே வந்தது. டர்பனில் கோயிலுக்கு வெளியே தமிழ் கேட்பது எவ்வளவு அபூர்வம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அனுப்பியவர் அந்தக் காலேஜின் ஏஜெண்ட். பிறகு போன் செய்தார். சாப்பிட்டீர்களா, பிள்ளைகள் எப்படி, ஊருக்குப் போய் எத்தனை வருடம் என்று விசாரித்தார். கூடப் பிறந்த தம்பி மாதிரி ஒரு பேச்சு. இரண்டரை வருடத்தில் சமூகப் பணிப் பட்டம், சனிக்கிழமை மட்டும் வகுப்பு என்றார். "முடிச்சதும் அயர்லாந்துக்கே போகலாம் அக்கா, அங்கே சோஷியல் கேர் வொர்க்கருக்குப் பதிவேடு திறக்கப் போறாங்க" என்றார். அந்தத் தகவல் பொய்யில்லை. அயர்லாந்தில் இந்த மாதிரித் தொழில்களில் இருப்பவர்களைப் பதியும் 'கோரு' என்ற அமைப்பு 2023 நவம்பர் 30 அன்று அந்தப் பதிவேட்டைத் திறந்தது. ஆனால் அதில் பெயர் ஏற, அவர்கள் ஏற்றுக்கொண்ட படிப்பு வேண்டும். இந்த மாதிரி ஆட்கள் நூறு வார்த்தையில் எழுபதை உண்மையாகவே பேசுவார்கள். நாமும் அந்த எழுபதைச் சரிபார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுவோம்.

அலுவலகம் ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு மேல் மாடியில். வரவேற்பறைச் சுவரில் தங்க நிற ஃபிரேமில் ஒரு சான்றிதழ். நான் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவில்லை, பதிவு எண்ணைக் கேட்டேன். அவர் அந்த ஃபிரேமைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தார். முதலில் வருடம், நடுவில் ஆறு இலக்கம், கடைசியில் 07. போனில் படம்கூட எடுத்துக்கொண்டேன்.

அது கம்பெனிப் பதிவு எண். யார் வேண்டுமானாலும் ஒரு பிரைவேட் கம்பெனி தொடங்கினால் கடைசியில் 07 போட்டு அந்த எண்ணைத் தருவார்கள், அது தள்ளுவண்டி வியாபாரமாக இருந்தாலும் சரி. உயர்கல்வித் துறை ஒரு தனியார் காலேஜுக்குத் தரும் எண் வேறு. அதிலும் முதலில் வருடம் வரும், 07ம் வரும். ஆனால் நடுவில் எச்.இ. என்று இரண்டு ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும்: வருடம், எச்.இ.07, அப்புறம் மூன்று இலக்கம். அந்த இரண்டு எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதில்தான் என் 42,000 ராண்ட் போனது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர்களுக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது.

இன்னொரு சான்றிதழும் காட்டினார்கள். சுகாதாரம், சமூக நலத் துறைப் பயிற்சிகளைக் கவனிக்கும் எச்.டபிள்யூ.செட்டா தந்தது, நிஜமான காகிதம்தான். நோயாளிகளை வீட்டில் பராமரிக்கும் குறுகிய காலப் பயிற்சி ஒன்றுக்கான அனுமதி அது. பட்டப் படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பட்டம் தர வேண்டுமானால் உயர்கல்வி கவுன்சில் அந்தப் படிப்பைப் பரிசீலித்து ஏற்றிருக்க வேண்டும், உயர்கல்வித் துறை அந்த நிறுவனத்தைப் பதிந்திருக்க வேண்டும். "துறையில் விண்ணப்பம் போட்டிருக்கிறோம், வந்துவிடும்" என்று சொன்னால், இன்னும் பதிவாகவில்லை என்றுதான் அர்த்தம்.

படிவத்தில் சாக்வா (கல்வித் தகுதிகளைப் பதிந்து வைக்கும் அரசு அமைப்பு) எண் ஒன்றும் அச்சடித்திருந்தார்கள். பின்னால் அதைத் தேடிப் பார்த்தேன். நான்கு வருட சமூகப் பணிப் பட்டம்தான், 480 கிரெடிட், நாட்டின் கல்வித் தகுதி வரிசையில் எட்டாம் நிலை. ஆனால் வேறொரு பல்கலைக்கழகத்தின் பட்டம். யாரோ ஒருவருடைய வீட்டு விலாசத்தைத் தங்கள் வீடு என்று எழுதிக் கொடுப்பது போன்ற காரியம். எட்டாம் நிலைப் பட்டத்தை இரண்டரை வருடச் சனிக்கிழமைகளில் முடிக்க முடியாது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் பிளஸ் டூ சான்றிதழை அவர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். இந்தியாவில் படித்தவர்கள் இதை முக்கியமாகக் கவனியுங்கள். வெளிநாட்டுச் சான்றிதழை சாக்வா மதிப்பிட்டுக் கொடுக்க வேண்டும். இளங்கலைப் பட்டத்தில் சேர மெட்ரிக் விலக்குச் சான்றும் (இங்கே மெட்ரிக் எழுதாமலே பட்டத்தில் சேரலாம் என்ற சான்று) வாங்க வேண்டியிருக்கும். அலைச்சல் பிடித்த வேலைதான். அதையெல்லாம் ஒரு காலேஜ் கேட்கவே இல்லை என்றால், அவர்கள் தரப்போகும் காகிதம் எங்கேயும் செல்லாது என்று அவர்களுக்கே தெரியும். எனக்கோ அது பெரிய உபகாரமாகத் தோன்றியது.

முன்பணம் 4,500 ராண்ட், மாதம் 2,400. பத்து மாதம் கட்டினேன். இரண்டாம் வருடம் மறுபடி 2,500, அப்புறம் நான்கு மாதக் கட்டணம், களப்பணிக்கு என்று 1,400. பாதிக்கு மேல் என் ஸ்டோக்வெல் சீட்டுப் பணம். மீதி என் மாமியார் தன் பென்ஷனில் மிச்சம் பிடித்தது. "நம்ம வீட்டுல ஒருத்தி படிக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்தார் அத்தை.

வகுப்பில் பன்னிரண்டு பேர். ஆசிரியர் மூன்று மாதத்துக்கு ஒருவர் மாறினார். ஜெராக்ஸ் நோட்ஸ் கொடுத்தார்கள். குழந்தைகள் பாதுகாப்புப் பாடத்தில் 1989 ஆம் ஆண்டுச் சட்டம் என்று இருந்தது. நானும் விடிய விடிய உட்கார்ந்து அதன் பிரிவுகளை மனப்பாடம் செய்தேன்.

2024 மே மாதம் களப்பணி. இடம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தெரிந்தவர் மூலம் ஒரு குழந்தைகள் நல அமைப்புக்குப் போனேன். அங்கிருந்த சமூகப் பணியாளர் அம்மா டீ கொடுத்து உட்கார வைத்துவிட்டு, "உங்கள் கவுன்சில் நம்பர் சொல்லுங்கள்" என்று பேனாவைத் திறந்தார். எனக்கு விழிக்கத்தான் தெரிந்தது. சமூகப் பணி படிக்கும் மாணவர்களும் பிரிட்டோரியாவில் இருக்கும் சமூக சேவைத் தொழில்களுக்கான கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும் என்று ஒன்றேகால் வருடத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. "சரி, ஃபார்ம் 22 என்றால் என்ன?" என்று அடுத்து கேட்டார். தெரியவில்லை. ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்று சந்தேகம் வந்தால் நிரப்ப வேண்டிய படிவம் அது. என் நோட்ஸை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். "இது இங்கிலாந்துச் சட்டம் அம்மா. நம்முடையது 2005 ஆம் ஆண்டின் 38 ஆவது சட்டம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். டீ ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பணம் போனதைவிட இதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. அவர் அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், நான் ஏதோ ஒரு குழந்தையின் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன். அந்தக் குழந்தைக்காக என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் நின்றிருப்பேன்.

அந்தச் சமூக சேவைத் தொழில்கள் கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டேன். அந்த நிறுவனத்தின் படிப்பை வைத்துப் பதிய முடியாது என்று பதில் வந்தது. பதிவு இல்லாமல் இந்த நாட்டில் சமூகப் பணியாளராக வேலை பார்ப்பது 1978 ஆம் ஆண்டின் 110 ஆவது சட்டப்படி குற்றம். அதாவது நான் படித்து முடித்திருந்தாலும் அந்தப் பட்டத்தை வைத்து வேலைக்குப் போயிருக்க முடியாது. படித்த பாடத்தை வேறு எங்கும் கணக்கில் சேர்க்கவும் மாட்டார்கள். அந்த ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். "அக்கா, பொறுமையா இருங்க" என்றார். அடுத்த வாரம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

முதலில் பதினான்கு நாள் கெடு வைத்து ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. பிறகு சிறு வழக்குகள் நீதிமன்றம். அங்கே வக்கீல் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும். அதிகபட்சம் 20,000 ராண்டுக்குத்தான் வழக்குப் போடலாம், அதற்கு மேல் உள்ளதை விட்டுவிடுவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். 22,000 ராண்டை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டபோது கை நடுங்கியது. அங்கே தீர்ப்புச் சொல்லும் கமிஷனர் என் ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், அந்த ஃபிரேம் படத்தையும் பார்த்தார். தீர்ப்பு எனக்குச் சாதகம். இரண்டு தவணையாக 5,000 வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. தீர்ப்பை நிறைவேற்ற வேண்டிய ஷெரிஃப் போய்ப் பார்த்தால் ஃபர்னிச்சர் கடை மாடி காலி.

சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் உயர்கல்வித் துறையின் தனியார் நிறுவனப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. காலேஜ் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயரும் அந்தக் காலேஜின் கீழே இருக்க வேண்டும். சமூகப் பணி என்றால் கவுன்சிலுக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு உதவித்தொகை வாங்கித் தருவதாகத் தனியார் காலேஜ் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அது அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் அரசுத் தொழிற்கல்லூரிக்கும் மட்டும்தான். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? அவர்களாகத் தேடி வந்து விற்றது என்றால், ஐந்து வேலை நாளுக்குள் எழுத்தில் கொடுத்து ரத்து செய்யலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 16 ஆம் பிரிவில் இருக்கிறது. கோயிலில் பார்த்த அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் நாள். திங்கட்கிழமை கடிதம் கொடுத்துவிட்டாள்.

நேரான வழியும் நம் ஊரிலேயே இருக்கிறது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜில் நான்கு வருடப் பட்டம் இருக்கிறது, அதற்கு சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாக முந்தைய வருடமே விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் இருந்து படிக்க வேண்டியவர்களுக்கு யுனிசா என்ற தொலைநிலைப் பல்கலைக்கழகம். நான் பிளஸ் டூ சான்றிதழை சாக்வாவுக்கு அனுப்பியிருக்கிறேன். அத்தை கேட்கும்போதெல்லாம் "வந்துவிடும்" என்கிறேன்.

என்னோடு அந்த மாடியில் படித்த பதினோரு பேரில் நான்கு பேரிடம்தான் பேச முடிந்தது. மற்றவர்கள் இதைப் பார்த்தால் தயங்காமல் வாருங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும், நாளைத் தள்ளாதீர்கள். ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். நான் எழுதிய கோரிக்கைக் கடிதத்தின் நகல் இருக்கிறது, பெயரை மாற்றி நீங்களும் அனுப்பலாம். சனிக்கிழமை மட்டும் மதியத்துக்கு மேல் கூப்பிடுங்கள். காலையில் முதியோர் இல்லத்தில் இருப்பேன்.