அந்த 64 எழுத்துக் கையெழுத்தை நம்பாதீர்கள்

இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் பொதுப் பரப்புகளில் எழுதுகிறவர்களுக்காக இந்தப் பதிவு. "இதை எழுதியது நீங்கள்தான் என்று நிரூபித்துக் காட்டும்" என்று சொல்லி யாராவது ஒரு ஸ்கிரிப்டை, அதாவது சின்ன நிரலைக் கொடுத்து, நீங்களும் அதை உலாவியில் போட்டு வைத்திருந்தால், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். எனக்கு 600 ரூபாய் போனது. அதைவிட வலித்தது, என் தோழி ஒருத்தி பதின்மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தது.

இந்தப் பரப்புகளைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 2009-ல் வந்த 'யுவர் வேர்ல்ட் ஆஃப் டெக்ஸ்ட்' இந்த வகையில் பலருக்கும் தெரிந்தது. முடிவே இல்லாத ஒரு கட்டம் போட்ட தாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்திலும் சொடுக்கி எழுதலாம். அடுத்தவர் தட்டுவது நம் கண் முன்னாலேயே ஒவ்வொரு எழுத்தாக வந்து விழும். பெயர் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எழுதியதை இன்னொருவர் அழிக்கலாம், நடுவில் நுழைந்து மாற்றலாம். அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறுக்கவில்லை. நான் எழுதியது அதே மாதிரியான வேறொரு பரப்பில். அங்கே ஒரு மூலையில் தமிழ் எழுதுகிறவர்கள் இருபது பேர் கூடியிருந்தோம்.

நான் என் ஆச்சி வீட்டுக் கிணற்றடியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ராத்திரி அடுக்களை வேலை முடிந்ததும் அரை மணி நேரம், ஒரு மணி நேரம், பகலில் அலுவலகத்தில் கிடைத்த நேரத்தில் கொஞ்சம் என்று நாலு மாதம். கப்பி எழுப்பும் சத்தத்துக்கு மட்டும் ஒன்பது வரி. மொத்தம் 212 வரி சேர்ந்திருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால், 'ஆச்சி' என்று இருந்த இடமெல்லாம் 'பாட்டி' ஆகியிருந்தது. சரி, பொதுப் பரப்பு, யாரோ விளையாடுகிறார்கள் என்று திருத்திவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அந்த 212 வரியும் இன்னொரு இடத்தில் அப்படியே இருந்தது, கீழே வேறொரு பெயரோடு. புகழ்ந்து நாலு பேர் எழுதியும் இருந்தார்கள். அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ சுருக்கென்றது.

அப்போதுதான் அந்தப் பையன் வந்தான். பையன் என்று சொல்கிறேன், வயது என்னவோ. அங்கே பல மாதமாக எழுதிக்கொண்டிருந்தவன்தான், முன்பின் தெரியாதவன் இல்லை. "அக்கா, நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கேன், போட்டுக்கோங்க. இனிமே உங்க எழுத்தை எவனும் சொந்தம் கொண்டாட முடியாது" என்றான். டாம்பர்மங்கியில், அதாவது இந்த மாதிரி ஸ்கிரிப்டுகளை ஓட்டும் உலாவி நீட்சியில், போட்டுக்கொள்ளும் ஸ்கிரிப்ட் அது. பத்து நாள் இலவசம், அப்புறம் 600 ரூபாய், ஒரே முறை கட்டினால் போதும். யூபிஐயில் அனுப்பினேன்.

போட்டதும் பரப்பின் ஓரத்தில் ஒரு பொத்தான் வந்தது. எழுதிய பகுதியைத் தேர்ந்தெடுத்து அதை அழுத்த வேண்டும். புனைபெயரும் ரகசியச் சொல்லும் கேட்கும். கொடுத்தால், என் வரிகளுக்குக் கீழே எண்ணும் எழுத்துமாக ஒரு நீளமான சரம் வந்து உட்காரும், பக்கத்தில் தேதியும் நேரமும். அதைத்தான் 'கையெழுத்து' என்றான். அந்தச் சரத்தையும் வரிகளையும் அவனுடைய பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டினால், பச்சை நிறத்தில் "மூல ஆசிரியர்" என்று என் புனைபெயரைக் காட்டும். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. நானே நாலு பேருக்குச் சிபாரிசு செய்தேன். அவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசி மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இங்கேயும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆறாவது வாரம் விஷயம் வெடித்தது. எங்கள் மூலையில் கவிதை எழுதும் தோழியைப் பற்றி, அவளுடைய குடும்பத்தையும் இழுத்து, வாய் கூசும்படி எட்டு வரி. கீழே என் புனைபெயரில் கையெழுத்து. சரிபார்த்தால் பச்சை. அவள் எனக்கு அனுப்பிய செய்தி இரண்டே சொல்: "ஏன்க்கா இப்படி?" நான் எழுதவில்லை என்று சொன்னேன். "கையெழுத்து சரியா இருக்கே, நீங்கதானே இதை நம்பலாம்னு சொன்னீங்க" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. அதே நாளில் என் கிணற்றடியைச் சரிபார்த்தேன். சிவப்பு. "மாற்றப்பட்டுள்ளது, ஆசிரியர் உறுதியாகவில்லை" என்று வந்தது. ஒரு புள்ளிகூட மாறவில்லை. நான் எழுதாதது பச்சை, நான் எழுதியது சிவப்பு.

அவனிடம் கேட்டேன். "உங்க ரகசியச் சொல்லை யாருக்காவது சொல்லியிருப்பீங்க அக்கா" என்றான். சத்தியமாக இல்லை என்றேன். மறுநாள் "இது இன்னும் பீட்டாதான்" என்றான். அடுத்த நாள் என்னைத் தடை செய்துவிட்டான்.

என் அண்ணன் மகன் கல்லூரியில் கணினி படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவனிடம் மடிக்கணினியைக் கொடுத்தேன். ஸ்கிரிப்டைத் திறந்து பத்து நிமிடம் படித்தான். அப்புறம் தன் கணினியில் அதைப் போட்டான். என் புனைபெயரைக் கொடுத்தான். ரகசியச் சொல் கேட்ட இடத்தில் 'வெண்டைக்காய்' என்று அடித்தான். கிணற்றடியின் முதல் பத்து வரியை ஒட்டிப் பொத்தானை அழுத்தினான். என் கணினியில் அதே பத்து வரிக்கு என்னுடைய ரகசியச் சொல்லைக் கொடுத்து நானும் அழுத்தினேன். இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒன்றே.

"அத்தை, உங்க ரகசியச் சொல் கணக்குக்குள்ள எங்கயுமே வரல" என்றான்.

அந்த ஸ்கிரிப்ட் செய்தது இவ்வளவுதான்: புனைபெயர், வரிகள், ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதி வைத்த ஒரு பொதுச் சொல், மூன்றையும் சேர்த்து ஷா-256 என்ற சுருக்கம் எடுப்பது. சுருக்கம் என்றால், எவ்வளவு எழுத்து கொடுத்தாலும் ஒரே நீளச் சரமாக மாற்றித் தரும் கணக்கு. உள்ளே போவது ஒன்றேயானால் வெளியே வருவதும் ஒன்றே. அந்தப் பொதுச் சொல் எல்லோருடைய கணினியிலும் ஒன்றேதான். தேதியும் நேரமும் சுருக்கத்துக்குள் போகவே இல்லை, வெளியே அலங்காரத்துக்கு நின்றன. ஆக, ஸ்கிரிப்ட் வைத்திருக்கும் யாரும் யாருடைய பெயரிலும், எந்தத் தேதி வேண்டுமானாலும் போட்டு, 'கையெழுத்து' போடலாம். அந்த எட்டு வரியை யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது, யார் மேலும் பழி போடவில்லை. ஆனால் அதற்குக் கதவைத் திறந்து வைத்தது அந்த ஸ்கிரிப்ட், அதற்குக் காசும் வாங்கினான்.

அப்படியானால் ரகசியச் சொல்லை எதற்குக் கேட்டான்? அதையும் அண்ணன் மகன் காட்டினான். பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் புனைபெயரும் ரகசியச் சொல்லும் வேறொரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. சொல்லாத முகவரிக்கு ஸ்கிரிப்ட் தகவல் அனுப்பப் பார்த்தால் டாம்பர்மங்கி நம்மிடம் அனுமதி கேட்கும். இவன் தலைப்பகுதியில் 'கனெக்ட்' என்ற வரியில் அந்த முகவரியை முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால் கேட்கவில்லை. எந்தெந்தத் தளத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும் 'மேட்ச்' என்ற வரியில் அந்தப் பரப்பின் முகவரி மட்டும் இருந்திருக்க வேண்டும். நட்சத்திரக் குறிகளாக இருந்தது. அதாவது நான் திறக்கும் எல்லாத் தளத்திலும் அந்த ஸ்கிரிப்ட் ஓடியிருக்கிறது, வங்கித் தளம் உட்பட. அதே ரகசியச் சொல்லை என் மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தேன். அன்று இரவே எல்லாவற்றையும் மாற்றினேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

என் வரிகள் ஏன் சிவப்பாயின என்பதைத் தமிழில் எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையில், இரண்டு விதமாக வைக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சுருக்கத்துக்கோ அவை இரண்டும் வேறு வேறு. ஒரே ஒரு இடம் மாறினாலும் சரம் முழுவதும் தலைகீழாகிவிடும். நான் பாதி வரிகளை அலுவலகக் கணினியில் எழுதினேன், அங்கே இருக்கும் பழைய தட்டச்சு மென்பொருள் கொம்பும் காலுமாகப் பிரித்துத்தான் வைக்கிறது. கையெழுத்துப் போடும்போது ஒரு வடிவம், பரப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது இன்னொரு வடிவம். கோ, கௌ எல்லாவற்றுக்கும் இதே கதை. சுருக்கம் எடுப்பதற்கு முன்னால் எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஜாவாஸ்கிரிப்டில் 'நார்மலைஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது, ஒரு வரி வேலை. தமிழர்களுக்கென்றே செய்தேன் என்று சொன்னவன் அதைக்கூடச் செய்யவில்லை.

உண்மையான மின்கையெழுத்து எப்படி இருக்கும் என்று இந்த ஒரு மாதத்தில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு சாவி இருக்கும். தனிச் சாவி உங்கள் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. பொதுச் சாவியை ஊருக்கே கொடுக்கலாம். தனிச் சாவியால் போட்ட கையெழுத்தைப் பொதுச் சாவியை வைத்து யாரும் தன் கணினியிலேயே சரிபார்க்கலாம், யாருடைய பக்கத்துக்கும் போய்ப் பச்சையா சிவப்பா என்று கேட்க வேண்டாம். இது புதுச் சரக்கும் இல்லை. பொதுச் சாவி முறை 1976-லேயே வெளியுலகத்துக்கு வந்துவிட்டது. மின்னஞ்சலுக்குக் கையெழுத்துப் போட உதவும் பிஜிபி 1991-ல் வந்தது. வெளியே எடுக்கவே முடியாதபடி தனிச் சாவியை உருவாக்கி வைக்கும் வசதி இன்றைய உலாவிகளிலேயே இருக்கிறது.

என் 'கையெழுத்து' எத்தனை எழுத்து என்று எண்ணிப் பார்த்தேன். 64. அது ஷா-256 சுருக்கத்தின் அளவு. இப்போது பரவலாகப் பயன்படும் இடி25519 (Ed25519) முறையில் கையெழுத்தை அதே பதினாறடிமான எண்ணில் (0 முதல் 9, a முதல் f) எழுதினால் 128 எழுத்து வரும். எண்ணிக்கை மட்டும் எதையும் நிரூபிக்காது. ஆனாலும் கையெழுத்து என்று சொல்லி 64 எழுத்து வந்தால், செய்தவரிடம் பொதுச் சாவி எங்கே என்று கேளுங்கள். அப்புறம் இன்னொரு கணினியில், வேறு ரகசியச் சொல் கொடுத்து, அதே வரிகளுக்கு அழுத்திப் பாருங்கள். ஒரே சரம் வந்தால் அந்த நிமிடமே தூக்கிவிடுங்கள்.

இன்னொன்று. உண்மையான கையெழுத்தாகவே இருந்தாலும், 'முதலில் எழுதியது யார்' என்பதற்கு அது பதில் சொல்லாது. என் வரிகளை நகலெடுத்து ஒருவன் தன் சாவியால் கையெழுத்துப் போட்டால் அந்தக் கையெழுத்தும் செல்லும். முன்பின் தெரிய வேண்டுமானால் தேதிக்கு வெளிச்சாட்சி வேண்டும். சுருள்வில்லின் (ஸ்பிரிங்) இழுவை பற்றிய விதியை ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1676-ல் வெறும் எழுத்துக் குவியலாக, அகர வரிசையில் அடுக்கி அச்சிட்டார். 1678-ல்தான் அது எந்த வாக்கியம் என்று அவிழ்த்துக் காட்டினார். விஷயத்தை வெளியே விடாமலே முதலில் கண்டது நான் என்று பதிவு செய்துவிட்டார். கணினிக் கோப்புகளுக்கு இதையே செய்யும் வழியை ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்காட் ஸ்டோர்னெட்டாவும் 1991-ல் எழுதினார்கள். 1995 முதல் அந்த வழியில் எடுத்த சுருக்கங்கள் நியூயார்க் டைம்ஸ் விளம்பரப் பகுதியில் அச்சாகி வந்தன. அச்சாகி வீடு வீடாகப் போன நாளிதழின் தேதியை யார் மாற்ற முடியும்? இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

கிணற்றடியில் இன்னும் நாற்பது வரி பாக்கி. அவற்றைப் பரப்பில் போடுவதற்கு முன்னால், ஒரு நீளமான தற்செயல் எண்ணையும் சேர்த்துச் சுருக்கம் எடுத்து, மூன்று பேருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வைத்திருக்கிறேன். தற்செயல் எண் எதற்கென்றால், சின்ன வாக்கியமாக இருந்தால் ஊகித்து ஊகித்துச் சுருக்கம் எடுத்து எவரும் கண்டுபிடித்துவிடலாம்.

தோழி விஷயம். பதின்மூன்றாம் நாள் வீடியோ அழைப்பை எடுத்தாள். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "உன் கணினியில அந்த ஸ்கிரிப்டைத் திற, என் புனைபெயரைப் போடு, வாய்க்கு வந்த ரகசியச் சொல்லைக் கொடு, 'இன்னைக்கு எங்க வீட்டுல ரசம்'னு எழுதி அழுத்து" என்றேன். அழுத்தினாள். சரிபார்க்கும் பக்கத்தில் பச்சையாக என் பெயர் வந்தது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அழுதுவிட்டாள், நானும்தான். அந்த எட்டு வரியை அவளே போய் அழித்தாள்.

அந்தப் பையனின் பெயரை இங்கே போடவில்லை. புனைபெயரை மாற்றிக்கொண்டு வர அரை நிமிடம் ஆகாது. பொத்தான், ரகசியச் சொல், 64 எழுத்து, அவனுடைய பக்கத்தில் மட்டும் சரிபார்ப்பு, பத்து நாள் இலவசம், இவற்றை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் அது இருந்தால் முதலில் டாம்பர்மங்கியில் அணைத்து வையுங்கள், உடனே அழிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் வரிகளை ஒரு கோப்பாக நகலெடுத்துக்கொண்டு அப்புறம் நீக்குங்கள், அதுதான் கையில் இருக்கும் ஒரே ஆதாரம். அதில் கொடுத்த ரகசியச் சொல்லை எங்கெங்கே வைத்திருக்கிறீர்களோ எல்லா இடத்திலும் இன்றைக்கே மாற்றுங்கள். இந்தியாவில் இருந்து பணமும் கட்டியிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். நான் மூன்று வாரம் தாமதித்துத்தான் அழைத்தேன். நகலெடுத்த கோப்பு வைத்திருப்பவர்கள் எனக்கும் ஒன்று அனுப்புங்கள். என்னுடையதில் இருக்கும் முகவரியும் உங்களுடையதில் இருக்கும் முகவரியும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே புகாராகக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.