மூன்று வார விடுப்பில் ஒரு போட்டோ புக்

இந்தத் தடவை ஊருக்குப் போகும்போதே ஒரு வேலையை மனதில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களையும், என் போனில் பத்து வருடமாகக் குவிந்து கிடப்பதையும் சேர்த்து அம்மாவுக்கு ஒரு போட்டோ புக். படம் பொறுக்குவதுதான் பெரிய வேலை, அச்சடிக்கவா ஆள் கிடைக்காது என்று நினைத்திருந்தேன். நடந்தது நேர்மாறு.

உண்மையில், கிளம்புவதற்கு முன்பே ஓர் இணைய நிறுவனத்தில் பாதிப் புத்தகத்தை வடிவமைத்து வைத்திருந்தேன். படத்தை இழுத்துப் போட்டால் பக்கம் தயார், அவ்வளவு சுலபம். படங்களுக்குக் கீழே தமிழில் எழுதினேன். திரையில் அழகாகவே தெரிந்தது. அச்சுக்குப் போகும் மாதிரியைத் திறந்து பார்த்தால் ‘கொள்ளுப்பாட்டியோடு’ என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே புள்ளி வைத்த வட்டங்கள். இப்போது கணினிகளில் வழக்கமான யூனிகோடு முறையில் கொம்பு எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து வரைய மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவர்களுடைய மென்பொருளுக்குத் தெரியவில்லை. வேறு எழுத்துரு போட்டுப் பாருங்கள் என்று பதில் வந்தது. போட்டேன், வட்டம்தான் கொஞ்சம் பெரிதானது.

சரி, வடிவமைத்ததை பிடிஎஃப் ஆக எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம் என்றால், அதற்கு வழியே இல்லை. பல இரவுகள் உட்கார்ந்து செய்த பக்கங்கள் அவர்களுடைய தளத்துக்குள்ளேயே பூட்டிக்கிடந்தன. விலை, தாள், அட்டை எல்லாம் விசாரித்த நான் இதை மட்டும் கேட்கவில்லை. இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால் முதலில் சொல்வது இதுதான்: செய்த வேலையை வெளியே எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று பார்த்துவிட்டு முதல் பக்கத்தைத் தொடுங்கள்.

ஊருக்கு வந்ததும் பழைய ஆல்பத்தைப் பிரித்தோம். பசை தடவிய அட்டையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் உறை மூடிய ரகம். இழுத்தால் கிழிந்துவிடும். பல் இடுக்குச் சுத்தம் செய்கிற நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, மெதுவாக அறுப்பதுபோல நகர்த்தி எடுத்தோம். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தேன். கையகலப் படத்தை முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்க வேண்டுமென்றால் அதற்குக் குறைந்து எடுப்பதில் பயனில்லை.

அப்புறம் ஓர் அச்சகம். அவர்கள் காட்டிய மாதிரி ஆல்பம் பளபளவென்று கண்ணைப் பறித்தது. நானும் மயங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: அதில் இருந்தது எல்லாம் நல்ல கேமராவில், விளக்கு போட்டு எடுத்த படங்கள். அதை யார் அடித்தாலும் நன்றாகத்தான் இருக்கும். என் படங்கள் அப்படியா? இருட்டில் எடுத்தது, ஆடியது, வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி இளைத்துப்போனது.

அதனால் மறுநாள் ஒரே ஒரு பக்கம் மட்டும் கொடுத்தேன். அப்பாவின் ஒரு கறுப்பு வெள்ளைப் படம், போனில் இரவில் எடுத்த ஒன்று, கீழே அதே கொள்ளுப்பாட்டி வரி. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். வந்த பக்கத்தில் அப்பா லேசாகப் பச்சையாக இருந்தார். கறுப்பு வெள்ளையை நாலு வண்ண மையிலும் சேர்த்து அடிக்கும்போது ஒரு மை கொஞ்சம் தூக்கினாலே இப்படி ஆகிவிடும். இரவுப் படம் மொத்தமாகக் கறுத்துப்போயிருந்தது. அதில் பாதித் தப்பு என்னுடையது. போன் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தே பழகிவிட்டேன், காகிதத்துக்கு ஏது பின்னால் விளக்கு? தமிழ் மட்டும் சரியாக இருந்தது. கேட்டதற்கு, “அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மேடம்” என்றார்கள். எதை, எப்படி என்று கேட்டால் அதே பதில்தான் வந்தது.

மூன்றாவதாகப் போனது ஒரு சின்ன போட்டோ லேப். உள்ளே இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நான் பையைத் திறப்பதற்குள், “படத்தை எதுல தரப்போறீங்க அக்கா?” என்றான். வாட்ஸ்அப்பில் என்றேன். “வேணாம். பென் டிரைவ் குடுங்க. இல்லேன்னா டாக்குமென்ட்டா அனுப்புங்க, சைஸ் குறையாது.” முதல் கேள்வியிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஏ4 பக்கம் முழுக்க ஒரே படம் வேண்டுமென்றால் 300 டிபிஐக்கு 2480க்கு 3508 பிக்சல் வேண்டும் என்று கணக்குச் சொல்லி, என் படங்களில் ஏழெட்டை, “இது கால் பக்கத்துக்கு மேல தாங்காது” என்று ஒதுக்கிவைத்தான். தாங்காது என்று சொல்கிற ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

குடும்பப் படத்தை இரண்டு பக்கத்துக்கும் பரப்பிப் போடச் சொன்னேன். சாதாரண பைண்டிங் என்றால் நடுவில் நிற்கிற மாமா மடிப்புக்குள் போய்விடுவார் என்று சொல்லி, முழுக்க விரிந்து படுக்கிற லே-ஃப்ளாட் ஒன்றைக் காட்டினான். அதில் தாளோடு தாளை ஒட்டுவதால் கனம் கூடும். 200 ஜிஎஸ்எம் தாளில், அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள தாளில், 30 சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றே 18 கிராம். எனக்கும் தம்பிக்குமான பிரதிகளைப் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். நான் லே-ஃப்ளாட்டை விட்டுவிட்டு, மாமாவை ஒரே பக்கத்துக்குள் அடக்கிவிட்டேன். பளபளப்பில்லாத மேட் தாள் போதும், உள்பக்கங்களுக்கு லேமினேஷன் வேண்டாம் என்றேன். விளக்கொளியில் பளபளத்தால் அம்மாவுக்குக் கண் கூசும்.

சோதனைப் பக்கம் இரண்டு தடவை மாறி வந்தது. இரண்டாவதில் அப்பா பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. புத்தகம் கையில் கிடைத்தது நான் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு. மூன்று வாரத்தில் அது ரொம்ப நெருக்கம். ஒரு பக்கம் தப்பாக வந்திருந்தாலும் திருத்தி வாங்க நேரமிருந்திருக்காது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் தடவித் தடவிப் பார்த்தார். பதினான்காம் பக்கத்தில் நிறுத்தி, “இது உன் பெரியத்தை இல்லடி, சின்னத்தை” என்றார். நானே தட்டச்சு செய்து, நானே மூன்று தடவை சரிபார்த்த பக்கம். மேசை மேலிருந்த பால் பாயின்ட் பேனாவை எடுத்து, ‘பெரிய’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘சின்ன’ என்று எழுதினார். மேட் தாளில் மை அழகாகப் பிடித்துக்கொண்டது.