தோப்பு போர்டுக்கு எந்த டூல்செயின்: உபுண்டு, டெபியன், பில்ட்ரூட், யோக்டோ

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் போகும் ரோட்டை ஒட்டி என் அக்கா வீட்டுத் தென்னந்தோப்பு இருக்கிறது. கேரள எல்லைக்குள் இருந்தாலும் வீட்டுப் பேச்சு தமிழ்தான். பைப், வால்வு, ரிலே எது வாங்கவும் பொள்ளாச்சிதான். ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வரும் நாட்களில் போர்வெல் ஓட வேண்டாம், வராத நாட்களில் ஈரம் பார்த்து ஓட வேண்டும். இதற்காக பீகிள்போன் பிளாக் என்ற, லினக்ஸ் ஓடும் சிறு கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை மோட்டார் ரூமில் வைத்தேன். மண் ஈரம் பார்க்கும் சென்சார்கள் ஆர்எஸ்-485 வயரில் மோட்பஸ் என்ற தொடர்பு மொழி பேசும். சி++ நிரல் அதைப் படித்து வால்வைத் திறக்கும். நிரல் எழுதியது நான்கு நாள் வேலை. அதை எங்கே, எந்த டூல்செயினை (கம்பைலரும் அதோடு சேர்ந்த கருவிகளும்) வைத்து கம்பைல் செய்வது, அதாவது போர்டு ஓட்டக்கூடிய பைனரி ஃபைலாக மாற்றுவது என்ற கேள்விக்கு விடை தேடி ஒரு கோடைகாலமே போயிற்று. அந்தக் கோடையில் பார்த்த வழிகளைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

முதலில் போர்டிலேயே கம்பைல் செய்வது. இதைக் கேவலமாகப் பார்ப்பவர்கள் உண்டு, நான் அப்படிப் பார்ப்பதில்லை. போர்டில் டெபியன் லினக்ஸ் இருந்தால் ஜிசிசி கம்பைலரும் தேவையான லைப்ரரிகளும் ஆப்ட் என்ற பேக்கேஜ் கருவியிலேயே வந்துவிடும், பொருந்துமா பொருந்தாதா என்ற பேச்சே கிடையாது. முந்நூறு வரி சி நிரலுக்கு வேறெதுவும் தேவையில்லை. ஆனால் பீகிள்போன் பிளாக்கில் இருப்பது 1 கிகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ்-ஏ8 கோர் ஒன்றே ஒன்று, ரேம் 512 எம்பி. டெம்ப்ளேட் நிறைந்த சி++ ஃபைல் ஒன்று போதும், ரேம் தீர்ந்து, லினக்ஸின் மையமான கர்னலே கம்பைலரைக் கொன்றுவிடும். திரையில் ‘கில்டு’ என்று ஒரு சொல் மட்டும் நிற்கும். எஸ்டி கார்டின் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்தும் ஸ்வாப் போட்டு ஓட்டலாம். வேகமும் போகும், கார்டின் ஆயுளும் போகும்.

அதனால் லேப்டாப்புக்கு வந்தேன். அதில் உபுண்டு 22.04, ப்ராசசர் எக்ஸ்86 வகை. போர்டின் ப்ராசசர் ஆர்ம் வகை, அதனால் ஒன்றில் உட்கார்ந்து மற்றதற்குக் கட்டும் க்ராஸ் கம்பைலர் வேண்டும். ஆப்ட்டில் ஆர்ம் கம்பைலர் என்று தேடியபோது க்னு-ஈஏபிஐ என்று முடிவது ஒன்றும், க்னு-ஈஏபிஐ-ஹெச்எஃப் என்று முடிவது ஒன்றும் வந்தன. ஆர்ம்-நன்-ஈஏபிஐ என்ற மூன்றாவது, லினக்ஸே இல்லாத மைக்ரோகன்ட்ரோலருக்கானது. அதைத் தொட வேண்டாம். நான் அவசரத்தில் முதலாவதைப் போட்டேன். கம்பைல் ஆயிற்று, ஃபைலை போர்டுக்குக் கொண்டுபோய் ஓட்டினால் ‘அப்படியொரு ஃபைலே இல்லை’ என்றது. எல்எஸ் அடித்தால் ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, எக்ஸிக்யூட் அனுமதியும் இருக்கிறது. அரை நாள் அதிலேயே போயிற்று. இல்லை என்று அது சொன்னது என் ஃபைலை அல்ல, அதைத் திறந்து ஓட்டவேண்டிய டைனமிக் லோடரை. ஹெச்எஃப் என்றால் ஹார்ட் ஃப்ளோட்: தசம எண்களை ப்ராசசரின் தசமக் கணக்கு ரெஜிஸ்டர்களிலேயே கைமாற்றும் வகை. போர்டில் இருப்பது அதுதான். அந்த வகை பைனரி கேட்கும் லோடரின் பெயர் வேறு, மற்றது கேட்கும் பெயர் வேறு. பைனரியின் உள்விவரம் காட்டும் ரீட்எல்ஃப்பில் அதைப் போட்டு எந்த லோடரைக் கேட்கிறது என்று பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

சரியான கம்பைலரைப் போட்டதும் அடுத்தது வந்தது: ‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’. ஜிலிப்சி என்பது நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரி. போர்டில் டெபியன் 11, அதன் ஜிலிப்சி 2.31. உபுண்டு 22.04இல் இருப்பது 2.35, அதன் க்ராஸ் கம்பைலரும் நிரலை 2.35ஓடுதான் இணைக்கும், அதாவது லிங்க் செய்யும். பழைய ஜிலிப்சியில் லிங்க் ஆனது புதியதில் ஓடும், புதியதில் லிங்க் ஆனது பழையதில் ஓடும் என்று உறுதியில்லை. ‘நான் புது ஃபங்ஷன் எதையும் கூப்பிடவில்லையே’ என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. 2021இல் வந்த 2.34 வெளியீட்டில் ஒரே நிரலில் பல வேலைகளை இணையாக ஓட்டும் பிதிரெட் லைப்ரரியை ஜிலிப்சிக்குள்ளேயே சேர்த்தார்கள். அதோடு, மெயினுக்கு முன்னால் ஓடும் தொடக்க ஃபங்ஷனுக்கும் புதிய வெர்ஷன் முத்திரை விழுந்தது. அதனால் வெறும் ‘வணக்கம்’ அச்சிடும் நிரல்கூட 2.34க்கு முந்தைய போர்டில் ஓடாது. என்னைப் பொறுத்தவரை டூல்செயின் தேர்வில் இதுதான் அச்சாணி. லேப்டாப்பில் என்ன போடலாம் என்பதை போர்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. வேகம், வசதி, பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

இங்கே இரண்டு வழி பிரிகிறது. ஒன்று சிஸ்ரூட்: போர்டிலிருந்து லைப்ரரி, ஹெடர் ஃபோல்டர்களை ஆர்சிங்க் என்ற காப்பி கருவியில் லேப்டாப்புக்கு இழுத்து, ‘இதற்குள் மட்டும் தேடு’ என்று கம்பைலருக்குச் சொல்வது. கேட்க எளிது. ஆனால் போர்டில் இருக்கும் சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) பல, ரூட்டிலிருந்து தொடங்கும் முழுப் பாதையாக இருக்கும். லேப்டாப்புக்கு வந்ததும் அவை போர்டின் லைப்ரரியைக் காட்டாமல் லேப்டாப்பின் லைப்ரரியைக் காட்டும். ஒவ்வொன்றையும் சார்புப் பாதையாக மாற்ற வேண்டும். லைப்ரரி எங்கே என்று கம்பைலருக்குக் காட்டும் பேக்கேஜ்-கான்ஃபிக்குக்கும் சிஸ்ரூட் எங்கே என்று தனியாகச் சொல்ல வேண்டும், மறந்தால் அது எக்ஸ்86 லைப்ரரியின் பாதையை எடுத்துக் கொடுத்துவிடும்.

மற்றது எனக்குப் பிடித்தது. போர்டில் டெபியன் 11 என்றால் லேப்டாப்பிலும் டெபியன் 11. லேப்டாப்பின் உபுண்டுவை அழிக்க வேண்டாம். டாக்கரில், லேப்டாப்புக்குள் தனி லினக்ஸ் அறை போல ஓடும் ஒரு புல்ஸ்ஐ (டெபியன் 11இன் பெயர்) கண்டெய்னர் போதும். அதற்குள் டீபேக்கேஜ் என்ற டெபியன் கருவியில் ஆர்ம்ஹெச்எஃப் (ஹார்ட் ஃப்ளோட் ஆர்முக்கு டெபியன் தரும் பெயர்) கட்டமைப்பைச் சேர்த்து, க்ராஸ்பில்ட்-எசென்ஷியல் தொகுப்பையும் லிப்மோட்பஸ்ஸின் ஆர்ம்ஹெச்எஃப் டெவலப்மென்ட் பேக்கேஜையும் போட்டால் ஜிலிப்சி அதே 2.31. இழுக்கவும் வேண்டாம், சிம்லிங்க்கைத் திருத்தவும் வேண்டாம். இதையே உபுண்டுவில் செய்யப்போனால் ஆர்ம்ஹெச்எஃப் பேக்கேஜ்கள் வேறு சர்வரில், போர்ட்ஸ் களஞ்சியத்தில் இருப்பதால் சோர்ஸ் லிஸ்ட்டைப் பிரித்து எழுத வேண்டும், எழுதாவிட்டால் அப்டேட் வரிசையாக 404 காட்டும். டெபியனில் எல்லாம் ஒரே களஞ்சியம். போர்டில் பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்த கம்பைல் கண்டெய்னரில் முப்பது விநாடிக்குள் முடிந்தது.

அன்று சாயங்காலம் மாமா மோட்டார் ரூம் வாசலில் நின்றார். “ஏன் மாப்ள, மோட்டாரு ஆன் ஆகுமா ஆகாதா? வாழக்கன்னு வாடிப்போச்சுன்னா உங்கக்கா என்னையத்தான் பேசுவா.”

“ராத்திரிக்குள்ள ஓட்டிறலாங்க மாமா” என்றேன். ஓடியது.

ராஸ்பெர்ரி பை ஜீரோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதல் பையும் முதல் ஜீரோவும் ஆர்ம் வி6, அதாவது ஆர்ம் கட்டளைத் தொகுப்பின் பழைய பதிப்பு. அவற்றுக்கான ராஸ்பியன் லினக்ஸும் தன்னை ஆர்ம்ஹெச்எஃப் என்றே சொல்லிக்கொள்ளும். டெபியனின் ஆர்ம்ஹெச்எஃப்போ வி7. பெயர் ஒன்று, பொருள் வேறு. டெபியன் க்ராஸ் கம்பைலரில் செய்த பைனரி அங்கே ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று விழும். வி6 என்று கம்பைலருக்கு எடுத்துச் சொன்னாலும் தீராது, ஏனென்றால் கூடவே லிங்க் ஆகும் தொடக்க ஆப்ஜெக்ட்டே வி7க்குக் கட்டியது. அந்த போர்டுக்கு வி6க்கென்றே கட்டிய டூல்செயின்தான் வழி.

க்யூஎமு வழியும் உண்டு: ஆர்ம் வி7 கண்டெய்னரையே லேப்டாப்பில் எமுலேஷனில், அதாவது ஆர்ம் ப்ராசசர் போல நடிக்கவைத்து ஓட்டி, உள்ளே சாதாரணமாக கம்பைல் செய்வது. க்ராஸ் கம்பைலுக்கு ஒத்துவராமல் முரண்டு பிடிக்கும் பழைய மேக்ஃபைல்களுக்கு (கட்டும் படிகளை எழுதிய ஃபைல்கள்) இது கைகொடுக்கும். வேகம் குறைவு, உள்ளே பிழை தேடும் ஜிடிபியும் வேலை செய்யாது. வேறு வழியில்லாதபோது மட்டும் எடுப்பேன்.

டூல்செயின் கட்டும் கருவியான க்ராஸ்டூல்-என்ஜி எனக்கு ஒரே ஒரு முறை தேவைப்பட்டது. 3.x கர்னலோடு வந்த பழைய போர்டு ஒன்று, அதற்குப் பொருந்தும் டிஸ்ட்ரோ டூல்செயின் எங்கும் கிடைக்கவில்லை. ஜிசிசி எந்த வெர்ஷன், ஜிலிப்சி எது, கர்னல் ஹெடர் எது என்று மெனுவில் நாமே தேர்ந்தெடுத்தால் அது டூல்செயினைக் கட்டித் தரும். ஹெடர் போர்டின் கர்னலைவிடப் புதியதாக இருக்கக் கூடாது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். ரூட் யூசரில் ஓட்டினால் கட்ட மறுக்கும், அது நல்லதற்குத்தான். டூல்செயினைத் தவிர வேறு எதையும் இது தராது.

டெபியன் கண்டெய்னரில் செய்த பைனரி இரண்டு மாதம் பிரச்சனையில்லாமல் ஓடியது. பிறகு இடவப்பாதி மழை தொடங்கியது. எங்கள் பக்கம் காற்றடித்தால் தென்னை மட்டை லைன் மேல் விழும், கரண்ட் போகும், வரும், திரும்பப் போகும். ஒரு நாள் காலை போர்டு பூட் ஆகவில்லை. 115200 வேகத்தில் சீரியல் கேபிளை மாட்டிப் பார்த்தால் ஃபைல் சிஸ்டம் கெட்டு, எமர்ஜென்சி ஷெல்லில் நிற்கிறது. கம்பைலர் மேல் தப்பில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும் இடத்தில், எப்போதும் எழுதிக்கொண்டே இருக்கும் முழு டெபியனை வைத்தது என் தப்பு.

அந்த இடத்தில்தான் பில்ட்ரூட் முன்னால் வருகிறது. டூல்செயின் மட்டுமல்ல, பூட்லோடர் (போர்டைத் தொடங்கிவைக்கும் நிரல்), கர்னல், ரூட் ஃபைல் சிஸ்டம் எல்லாம் சேர்த்து எஸ்டி கார்டுக்கு அப்படியே எழுதக்கூடிய ஒரே இமேஜாகத் தருகிறது. பீகிள்போனுக்கு டெஃப்கான்ஃபிக் (ஆயத்த அமைப்பு ஃபைல்) ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, நம் நிரலை ஒரு பேக்கேஜாக எழுதிச் சேர்த்தால் போதும். ஜிலிப்சி பொருந்துமா என்ற கேள்வியே எழாது, இரண்டு பக்கத்தையும் கட்டுவது ஒரே கைதான். ரூட் ஃபைல் சிஸ்டத்தை ஸ்க்வாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிய வடிவில், படிக்க மட்டும் என்று வைத்தேன். லாக் எழுதத் தனி பார்ட்டிஷன். இந்த மாற்றத்தைச் செய்யும்போது கர்னல் கான்ஃபிக்கில் ஸ்க்வாஷ்எஃப்எஸ்ஸை ஆன் செய்ய மறந்தால் ரூட் மவுண்ட் ஆகாமல் கர்னல் பேனிக்கில் நிற்கும், அதையும் பார்த்துவிட்டேன்.

குறைகளும் உண்டு. முதல் பில்ட் என் லேப்டாப்பில் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. டூல்செயின் தொடர்பாக எதை மாற்றினாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும். மெனுவில் ஒரு பேக்கேஜை எடுத்துவிட்டால் ஏற்கெனவே டார்கெட் ஃபோல்டருக்குள் போன அதன் ஃபைல்கள் போகாது, அப்போதும் முழு பில்ட்தான். போர்டில் ஆப்ட் கிடையாது. போர்டில் உட்கார்ந்து ‘இதையும் ஒண்ணு போட்டுப் பார்ப்போம்’ என்று செய்யும் பழக்கம் உள்ளவர்கள் திணறுவார்கள். இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் நிரலுக்கு டெபியன் கண்டெய்னர், எழுதி முடித்துக் களத்தில் வைக்கும் நிரலுக்கு பில்ட்ரூட் என்று நான் பிரித்துக்கொண்டது இதனால்தான்.

யோக்டோவும் பில்ட்ரூட் போல முழு இமேஜ் கட்டுவதுதான், ஆனால் இன்னும் பெரியது. அதை கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் நண்பனோடு உட்கார்ந்து பார்த்தேன். அவர்களிடம் மூன்று வகை போர்டு, ஐந்தாறு பேர். மெஷின் பெயரை மாற்றினால் அதே ரெசிபிகள் (பேக்கேஜைக் கட்டும் விதிகள்) வேறு போர்டுக்குக் கட்டுகின்றன. ஒருவர் கட்டியதை எஸ்ஸ்டேட் கேஷ் வழியாக மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அப்ளிகேஷன் எழுதுபவருக்குத் தனி எஸ்டிகே (கம்பைலரும் லைப்ரரிகளும் அடங்கிய தொகுப்பு) கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பல சிப் கம்பெனிகள் தங்கள் போர்டு ஆதரவையே யோக்டோ லேயராக (ரெசிபிகளின் தொகுதியாக) தருவதால் சில போர்டுகளுக்கு இதை விட்டால் வழி கடினம். அந்த இடத்தில் அது சரியான கருவி, மறுப்பதற்கில்லை. ஆனால் 2024இல் வந்த ஸ்கார்த்கேப் வெளியீட்டின் ஆவணமே குறைந்தது 90 ஜிபி காலி இடம் கேட்கிறது. பிட்பேக், லேயர், ரெசிபி, அப்பெண்ட் என்ற மொழி கைக்கு வரவே சில வாரம் ஆகும். ஒரு தோப்பு, ஒரு போர்டு, ஒரே ஆள் என்றால் எடுக்காதீர்கள்.

தோப்புப் பக்கம் நெட் மோசம். போன் ஒரு நேரம் இந்தப் பக்க டவரைப் பிடிக்கும், ஒரு நேரம் அந்தப் பக்க டவரை. அதனால் பொள்ளாச்சியில் நல்ல நெட் கிடைக்கும் இடத்தில் பில்ட்ரூட்டின் ‘மேக் சோர்ஸ்’ கட்டளையை ஓட்டி, எல்லா சோர்ஸ் பொதிகளையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறேன். அந்த டிஎல் ஃபோல்டரும் என் டெஃப்கான்ஃபிக்கும் இருந்தால் நெட்டே இல்லாமல் மோட்டார் ரூமிலேயே இமேஜைத் திரும்பக் கட்டலாம்.

போர்டுக்குள்ளேயே இருக்கும் ஈஎம்எம்சி மெமரியின் பூட்லோடரை அழித்துவிட்டேன், அதனால் போர்டு தானாகவே எஸ்டி கார்டிலிருந்து பூட் ஆகும். அதே இமேஜ் எழுதிய இன்னொரு கார்டு பிளாஸ்டிக் கவரில், பேனல் பெட்டியின் கதவு உட்புறம் ஒட்டியிருக்கிறது. போன ஆடியில் நான் ஊரில் இல்லாதபோது போர்டு நின்றுவிட்டது. மாமா போன் செய்தார், கார்டு எந்தப் பக்கம் பார்த்து உள்ளே போக வேண்டும் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். “வால்வு தொறந்துருச்சு மாப்ள, தண்ணி போவுது” என்று வைத்துவிட்டார்.