கிரேட் ஓஷன் ரோடு ஒருநாள் டூர்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து அம்மா மெல்பர்ன் வந்திருக்கிறார். ஜனவரி வெயிலில் கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலையில் கூட்டிப்போகலாம் என்று நினைத்தோம். ஒரே நாளில் ஐநூறு கிலோமீட்டர் வண்டி ஓட்ட எனக்குப் பயம். ஆன்லைனில் ஒரு மினிபஸ் டூரைப் பிடித்தேன். தலைக்கு 139 டாலர், மூன்று பேர்.

அம்மாவுக்கு, கடலில் தூண்களாக நிற்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளைவிட, பக்கத்திலிருக்கும் லாக் ஆர்ட் கார்ஜ் என்ற பாறை இடுக்கின் மேல்தான் ஆசை. 1878-இல் லாக் ஆர்ட் என்ற பாய்மரக் கப்பல் அங்கே மோதி உடைந்தது. 54 பேரில் டாம் என்ற பயிற்சி மாலுமியும் ஈவா என்ற பெண்ணும் மட்டுமே பிழைத்தார்கள். 2009-இல் அங்கிருந்த பாறை வளைவு இடிந்து, மிஞ்சிய இரண்டு தூண்களுக்கும் அவர்கள் பெயரையே வைத்துவிட்டார்கள். இந்தக் கதையைச் சொல்லிவைத்தவன் நான்தான். "அந்த ரெண்டு பேரையும் பாத்துட்டு வந்துருவோம்" என்று முட்டி வலியோடு கிளம்பினார்.

7.15க்கு வரவேண்டிய வண்டி 8.40க்கு வந்தது. ஈஸ்டர்ன் வியூ நினைவு வளைவில் ஐந்து நிமிடம். படம் எடுப்பதற்குள் ஹாரன். கென்னட் ரிவரில் கோலா பார்க்க நிறுத்துவதாகப் போட்டிருந்தது, நிறுத்தவில்லை. ஆனால் அப்போலோ பேயில் ஒரு கடை வாசலில் முழுசாக ஒன்றரை மணி நேரம். "மதிய உணவு உண்டு" என்றார்களே, அது கையளவு சிப்ஸும் ஒரு தண்ணீர் பாட்டிலும். மற்றதெல்லாம் காசு. ஓட்டுநருக்கு மட்டும் தட்டு நிறைய மீன் வந்தது, பில் வரவில்லை.

அப்போஸ்தலர் பாறைகளுக்குப் போய்ச் சேர மணி நான்கு. "மேலேயிருந்து பார்த்தால்தான் அழகு" என்று ஓட்டுநர் எல்லோரையும் ஹெலிகாப்டர் கவுண்டர் பக்கம் தள்ளினார். ஏறாதவர்களுக்கு 25 நிமிடம். அம்மாவின் நடைக்கு, பாதை முனை வரை போய்த் திரும்பவே அது சரியாகிவிட்டது. அப்புறம் பார்த்தால் வண்டி மெல்பர்ன் பக்கம் திரும்புகிறது. லாக் ஆர்ட்? "ரோடு க்ளோஸ்." அங்கிருந்து மூன்று, நான்கு நிமிட ஓட்டம்தான். பார்க்கிங்கில் பக்கத்தில் நின்ற பஸ்ஸோ அப்போதுதான் அங்கிருந்து வந்திருந்தது! இருட்டிவிடும் என்றும் சாக்குச் சொல்ல முடியாது, ஜனவரியில் சூரியன் மறையவே எட்டே முக்கால் ஆகும். திரும்பும் வழியில் காரணம் புரிந்தது. ஒன்பது மணிக்கு ஏர்போர்ட் பிக்கப் இருப்பதாகப் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார், ஒன்றும் பேசவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். "வானிலையைப் பொறுத்து இடங்கள் மாறலாம்" என்று பதில். அன்று பொட்டு மேகம் இல்லை. அடுத்த டூருக்கு 15 சதவீதத் தள்ளுபடி தருகிறார்களாம்.

நல்லவேளை, பதிவு செய்த அன்றே விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தேன். இப்போது அதே பக்கத்தில் லாக் ஆர்ட் "நேரம் இருந்தால்" என்று மாறியிருக்கிறது. கார்டு கொடுத்த வங்கியில் பணத்தைத் திருப்பக் கேட்டு டிஸ்ப்யூட் போட்டிருக்கிறேன், மாநில அரசின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவுக்கும் எழுதியாயிற்று. நீங்கள் போவதாக இருந்தால் இடங்களின் பட்டியலைப் பார்த்து மயங்காதீர்கள். எந்த இடத்தில் எத்தனை நிமிடம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடலோரத்தை விட்டு உள்ளே இருக்கும் கோலாக் ஊர் வழியாக முதலில் பாறைகளுக்குப் போய், கடலோரமாகத் திரும்பும் டூர்களும் உண்டு. அதில் கடைசி நேரத்தில் எதை வெட்டினாலும் இந்த அளவுக்கு வலிக்காது.

அம்மா இன்னும் இரண்டு மாதம் இருப்பார். பாறைகளுக்குப் பக்கத்து ஊரான போர்ட் கேம்பலில் ஒரு ராத்திரிக்கு அறை போட்டிருக்கிறேன். வண்டியை நானே ஓட்டப்போகிறேன்.