நிச்சயதார்த்த மோதிரம்: வைரமா, புஷ்பராகமா?

வைர மோதிரம் வாங்கப் போகிறவர்கள் முதலில் அடகுக் கடையை நினைத்துக்கொள்ள வேண்டும். நல்ல காரியம் பேசும்போது இது என்ன பேச்சு என்று அம்மாமார் முறைப்பார்கள். ஆனாலும் நம் தோட்டத்து வீடுகளில் நகைதானே ஆஸ்பத்திரிக்கும் பிள்ளையின் படிப்புக்கும் கைகொடுக்கிறது? அடகுக்குப் போனால் கல்லைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்குத்தான் காசு. ஆகவே கல்லுக்குப் போகும் பணம் திரும்பி வராது என்று வைத்துக்கொண்டே கற்களை ஒப்பிடுவோம்.

சுரங்க வைரம் இலங்கையில் எடுக்கப்படுவதில்லை, வெளியிலிருந்து வருவது. கீறலைத் தாங்கும் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அதற்கு 10, அதற்கு மேல் எதுவும் இல்லை. என்றாலும் ஓரத்தில் பலமாக அடிபட்டால் பிளந்துவிடும். கல்லின் எடையில் ஒரு கரட் என்பது வெறும் 0.2 கிராம். எடையைப் பார்த்து மயங்குவதைவிட வெட்டை, அதாவது பட்டை தீட்டிய விதத்தைப் பாருங்கள், மினுக்கம் அதில்தான் இருக்கிறது. நிறத்துக்கு, நிறமே இல்லாத டி முதல் மஞ்சள் தட்டிய இசட் வரை தரம் போடுவார்கள். மஞ்சள் தங்கத்தில் பதிக்கப்போகும் கல்லுக்கு டி தரத்தின் விலை கொடுப்பது வீண். எச், ஐ தரமே போதும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் வைரமும் அதே கரிமம்தான், அதே கடினம்தான். கடைக்காரர் வைத்துப் பார்க்கும் பேனா போன்ற கருவி இரண்டையும் வைரம் என்றே சொல்லும். வேறுபாட்டை ஆய்வகக் கருவியால்தான் காட்ட முடியும். விலை மிகக் குறைவு, அண்மை வருடங்களில் இன்னும் சரிந்திருக்கிறது. மறுவிற்பனை கிட்டத்தட்ட இல்லை. எப்படியும் திரும்பாத காசு என்றால் குறைவாகப் போகட்டுமே! வைரம்போல் மின்னும் வேறொரு செயற்கைக் கல்லான மொய்சனைட் இன்னும் மலிவு. லென்ஸை வைத்துச் சரித்துப் பார்த்தால் பட்டைகளின் விளிம்பு இரட்டையாகத் தெரியும். வைரம் என்று சொல்லி விற்காதவரை அதிலும் குற்றமில்லை.

சொந்த நாட்டுக் கல்லை ஏன் விட வேண்டும்? பிரித்தானிய இளவரசி டயானா 1981இல் அணிந்த நிச்சயதார்த்த மோதிரத்தில் இருந்தது இலங்கை நீலக்கல். ஆனால் நீலம் சனியின் கல். ஜாதகம் பார்க்காமல் பெண்ணின் விரலில் போட எந்தப் பெரியவரும் சம்மதிக்க மாட்டார், அதை வாதாடி வெல்லவும் முடியாது. புஷ்பராகம் அதே குடும்பத்துக் கல், மஞ்சள் நிறம், குருவுக்குரியது. கல்யாணக் காரியம் என்றால் பாட்டிமாரே தலையாட்டுவார்கள். கடினம் 9, தினமும் போடலாம். வைரத்தைவிட அடர்த்தி அதிகம் என்பதால் அதே கரட்டுக்குக் கல் கொஞ்சம் சிறிதாகத் தெரியும்.

சிக்கல் கலப்படத்தில். சிட்ரின் என்ற மஞ்சள் கல்லைப் புஷ்பராகம் என்று தள்ளிவிடுவார்கள். அதன் கடினம் 7தான், சில வருடத்தில் தேய்ந்து மங்கும். சூடாக்கிய கல் பரவலாக விற்கிறது, அது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. பெரிலியம் என்ற தனிமத்தை ஏற்றி நிறம் கொடுத்தது வேறு, அதன் விலையும் வேறாக இருக்க வேண்டும், கண்ணால் பிடிக்க முடியாது. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிலோ நல்ல ஆய்வகத்திலோ சோதித்த அறிக்கை இல்லாமல் காசை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

என் கணிப்பு: பெண்ணே வைரம் கேட்டால் நல்ல வெட்டுள்ள சின்ன ஆய்வுக்கூட வைரம். கேட்கவில்லையென்றால் அறிக்கையோடு புஷ்பராகம். சுரங்க வைரம் காசு மிஞ்சியவர்களுக்கு.

மிச்சப்படும் பணம் தங்கத்துக்குப் போகட்டும். தங்கத்தில் கரட் என்பது எடையல்ல, தூய்மை. சின்னக் கம்பிகள் கல்லைக் கவ்விய மோதிரத்துக்கு 18 கரட்தான் உறுதி, 22 கரட் மென்மையானது. கல்லைச் சுற்றித் தங்க விளிம்பை மடித்துப் பதித்தால் 22 கரட்டிலும் நிற்கும், அடகில் கூடவும் கிடைக்கும், நுவரெலியாக் குளிருக்குப் போடும் சுவெட்டரிலும் மாட்டாது. விரல் அளவை விடியற்காலைக் குளிரில் எடுக்காதீர்கள். அப்போது விரல் சுருங்கியிருக்கும், கொழும்பு வெயிலில் மோதிரம் இறுக்கும். பில்லில் தங்கத்தின் எடையையும் கல்லின் எடையையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.