புதுநன்மை விருந்துக்குப் பழவாசனைச் சீரியல்: வெள்ளைக் காம்பவுண்டா, கருப்பட்டிப் பாகா?

இந்த மே மாதம் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற எங்கள் ஊர் தங்கச்சிமடத்தில் எங்கள் மகளுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். பிரியாணிக்கும் கேக்குக்கும் வெளியே சொல்லியாயிற்று. நாற்பது பிள்ளைகள் வருவார்கள், அவர்கள் கையில் கொடுக்கிற பலகாரமாவது என் கையால் செய்ததாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஓவனில் வேகவைக்காத, கார்ன் பிளேக்ஸ் மாதிரியான காலை உணவுச் சீரியலில் இனிப்புப் பூசிப் பழவாசனை சேர்த்த மொறுமொறு தின்பண்டம் ஒன்றை மனதில் வைத்திருந்தேன். அமெரிக்காவில் இந்த வகையை ‘மடி படீஸ்’, ‘பப்பி சௌ’ என்பார்கள். சாக்லேட்டையும் வேர்க்கடலை வெண்ணெயையும் உருக்கிச் சீரியலைப் பிரட்டி, பொடித்த சர்க்கரையில் போட்டுக் குலுக்குவது அவர்கள் முறை. பழவாசனைக்குச் சாக்லேட்டின் இடத்தில் வெள்ளைச் சாக்லேட் வரும்.

மூன்று விதமாகச் செய்து பார்த்தேன். வெள்ளைக் காம்பவுண்ட் (வெள்ளைச் சாக்லேட் மாதிரியே இருக்கிற, கோகோ வெண்ணெய் இல்லாத கட்டி) பூச்சு ஒன்று, கருப்பட்டிப் பாகு ஒன்று, மார்ஷ்மெல்லோ என்கிற பஞ்சு மாதிரி மிட்டாயை வெண்ணெயில் உருக்கிப் பிரட்டுவது ஒன்று.

மார்ஷ்மெல்லோவைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அதை உருக்கிச் சீரியலைப் பிரட்டுவது கெலாக்ஸ் நிறுவனத்தின் சமையலறையில் 1939-இல் உருவான பழைய முறை. செய்வது எளிது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் மிருகங்களின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கும். எங்கள் விருந்துக்குக் கீழக்கரையிலிருந்து என் முஸ்லிம் தோழி பிள்ளைகளோடு வருகிறாள், சைவம் மட்டும் சாப்பிடுகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். தட்டில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று ஒரு பிள்ளை தயங்கி நிற்பதை நான் விரும்பவில்லை. அதோடு அது மொறுமொறுப்பாக இருக்காது, இழுபடும். எனவே அதை விட்டுவிட்டேன்.

மிச்சம் இரண்டு. ருசியை மட்டும் பார்த்தால் என் மனசு கருப்பட்டிப் பக்கம்தான். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வேலை பார்த்தால், பாகுக்குப் பதம் தெரிய வேண்டும், காம்பவுண்டுக்குப் பொறுமை வேண்டும். பாகை வடிகட்டி, கடலை மிட்டாய்க்குக் காய்ச்சுவது போலவே காய்ச்சினேன். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் சவசவ என்று போகும், பிந்தினால் கசக்கும். இதெல்லாம் இங்கே சமையல் செய்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

முடிவை ருசியோ விலையோ செய்யவில்லை, எங்கள் ஊர்க் காற்றுதான் செய்தது. வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல், நடுவில் நாங்கள் இருக்கிறோம். கிழக்கே இருந்து கொண்டல் காற்று அடித்தாலும் மேற்கே இருந்து கச்சான் காற்று அடித்தாலும் கடலைத் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறது. உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் மறுநாள் உப்பு நீர்த்துக் கிடக்கும். மத்தியானம் தட்டில் வைத்த பலகாரம் ராத்திரி எட்டு மணிக்கும் மொறுமொறு என்று இருக்குமா என்பதுதான் எனக்கு ஒரே கேள்வி.

விருந்துக்குப் பத்து நாள் முன்பே ஒரு சாயங்காலம் இரண்டையும் தனித்தனித் தட்டில் கடல் பார்த்த திண்ணையில் திறந்து வைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்துக் கடித்தோம், நானும் மதினியும். முதல் மணியில் கருப்பட்டிதான் ஜெயித்தது. மதினி, “இதையே செஞ்சிரு” என்றாள். இரண்டாவது மணியில் கருப்பட்டித் துண்டுகள் விரலில் ஒட்டின. மூன்றாவது மணியில் தட்டை லேசாகச் சாய்த்தேன், எல்லாம் ஒரே கட்டியாக நகர்ந்தது. கடித்தால் சத்தமே இல்லை, நன்றாக நமுத்துவிட்டது. காம்பவுண்ட் பூசியது அப்போதும் ‘கரக்’ என்றது. மதினி பேச்சை மாற்றிக்கொண்டாள்.

காரணத்தை யோசித்தால், வீட்டுப் பரணிலேயே விடை இருக்கிறது. மழைக்காலத்தில் கருப்பட்டி கசியும் என்றுதானே அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே, புகை படுகிற பரணில் வைத்தார்கள்? கருப்பட்டியில் சர்க்கரையோடு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்திருக்கின்றன. காற்றின் ஈரத்தைப் பிடித்து இழுக்கிற குணம் இவற்றுக்கு, அதிலும் ஃப்ரக்டோஸுக்கு, அதிகம். பழவாசனை வேண்டுமென்று நான் பாகில் எலுமிச்சைச் சாறு வேறு விட்டேன். கொதிக்கிற பாகில் புளிப்பு சேர்ந்தால் சாதாரணச் சர்க்கரையும் உடைந்து அந்த இரண்டாகவே மாறும். பழச்சுவைக்காகச் சேர்த்த சாறே பிசுபிசுப்பைக் கூட்டிவிட்டது. புளிப்பு இல்லாமல் செய்யலாம், ஆனால் கருப்பட்டியின் புகை மணத்துக்கு அடியில் ஆரஞ்சோ ஸ்ட்ராபெர்ரியோ தலைதூக்காது. பிள்ளைகள் கேட்டது பழவாசனை.

காம்பவுண்ட் பூச்சு கொழுப்பு. கொழுப்பு தண்ணீரை உள்ளே விடாது, சீரியலுக்கு அது மழைக்கோட்டு மாதிரி. அசல் வெள்ளைச் சாக்லேட்டை நான் எடுக்கவில்லை. அதில் இருக்கிற கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்குள் உருகிவிடும், மே மாதத்தில் இங்கே பிள்ளைகள் கையெல்லாம் வழியும். காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு. கொஞ்சம் கூடுதல் சூட்டைத் தாங்கும், சாக்லேட்டைப் போல அளவான சூட்டில் உருக்கி ஆற்றிப் பக்குவப்படுத்துகிற வேலை இல்லாமல் தானே இறுகும். நாக்கில் மெழுகு மாதிரி லேசாகப் படரும், அது உண்மைதான். அந்தக் குறையை நான் ஏற்றுக்கொண்டேன்.

செய்த விதம் இது. பல வண்ண வளையச் சீரியல் 250 கிராம். கார்ன் பிளேக்ஸும் ஆகும், ஆனால் பிரட்டும்போது நொறுங்கும். சீரியலை முதலில் வெறும் வாணலியில் சிறுதீயில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டி, நன்றாக ஆறவிட வேண்டும். பாக்கெட் பிரித்தவுடனேயே எங்கள் ஊரில் அது ஈரம் வாங்கியிருக்கும், அந்த ஈரத்தோடு பூசினால் ஈரமும் உள்ளேயே அடைபடும். வெள்ளைக் காம்பவுண்ட் 200 கிராம், தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. கொதிக்கிற தண்ணீர் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கினேன். கிண்ணத்தில் ஆவியோ ஒரு சொட்டுத் தண்ணீரோ படக்கூடாது. முதல் தடவை தண்ணீரில் கலந்த ஆரஞ்சு எசென்ஸ் அரைக்கரண்டி விட்டேன், வழவழ என்று இருந்தது ஒரு நொடியில் ஈர மணல் மாதிரித் திரிந்தது. அந்தக் கிண்ணம் முழுக்க வீண். பழவாசனை எதுவானாலும் உலர்ந்த பொடியாகத்தான் போக வேண்டும்.

ஆரஞ்சு ஜூஸ் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து மிக்ஸியில் இன்னும் நைஸாக அரைத்துச் சலித்தேன். அதை மேலே தூவாதீர்கள். சர்க்கரையும் புளிப்பும் கலந்த பொடி அது, காற்றுப் பட்டால் ஒட்டும். உருகிய காம்பவுண்டுக்குள்ளேயே கலந்துவிட்டால் ஒவ்வொரு துகளையும் கொழுப்பு மூடிவிடும். அதே காரணத்தால் பொடித்த சர்க்கரைக்குப் பதிலாக, வெளிப்பூச்சுக்கு உலர்ந்த தேங்காய்ப்பூ போட்டுக் குலுக்கினேன். தேங்காயில் இருப்பதும் பெரும்பாலும் கொழுப்பு, அது சீக்கிரம் நமுக்காது. ஆரஞ்சுக்கும் தேங்காய்க்கும் இத்தனை பொருத்தம் இருக்கும் என்று எனக்கு முன்னால் தெரியாது.

டூட்டி ஃப்ரூட்டியும் திராட்சையும் சேர்க்க ஆசையாக இருந்தால், பரிமாறுகிற நேரத்தில் சேருங்கள். ஒரே டப்பாவில் ராத்திரி முழுக்க வைத்தால் அவற்றின் ஈரம் சீரியலுக்குப் போய்விடும்.

இறுகுவதற்கு பட்டர் பேப்பரில் பரப்பி ஃபேனுக்கு அடியில் வைத்தேன். மே மாதச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவசரத்துக்கு ஃபிரிட்ஜில் வைக்கத் தோன்றும். வைத்தால் இறுக மூடிய டப்பாவில் வையுங்கள், வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால் ஈரக்காற்று குளிர்ந்த பண்டத்தில் பட்டுத் துளித்துளியாக வேர்க்கும். இங்கே பலர் செய்கிற தவறு இது, பாவம், பண்டத்தைக் குறை சொல்வார்கள்.

சில விஷயங்களை உறுதியாகச் சொல்ல முடியாது. நான் பார்த்தது மே மாதம் ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வாடைக்காற்றும் சேர்ந்து அடிக்கும்போது காம்பவுண்டும் எத்தனை மணி நேரம் தாங்குமோ, செய்து பார்க்கவில்லை. உறைய வைத்து உலர்த்திய ஸ்ட்ராபெர்ரிப் பொடியைக் கூரியரில் வரவழைத்து ஒரே ஒரு தடவை போட்டேன். மணம் அருமை, விலை அதிகம், ஒரு தடவையை வைத்து அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பரமக்குடி மாதிரிக் கடலைவிட்டுத் தள்ளி இருக்கிறவர்களுக்குக் கருப்பட்டிப் பாகு இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம். புளிப்பு சேர்க்காமல், வளையத்துக்குப் பதில் வறுத்த பொரியில் பிரட்டி, செய்த கையோடு சாப்பிடுவதாக இருந்தால் நானும் கருப்பட்டியைத்தான் எடுப்பேன்.

விருந்தன்று இருநூறு கிராம் அளவு பண்டத்தைத் தட்டில் வைத்து, மிச்சத்தை எவர்சில்வர் டப்பாவில் மூடி உள்ளறையில் வைத்தேன். தட்டு காலியாகக் காலியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நிரப்பினோம். ராத்திரி ஒன்பது மணிக்கு, வெள்ளைக் கவுனை இன்னும் மாற்றாத என் மகள் கடைசிப் பிடியை அள்ளி வாயில் போட்டாள். அடுப்படியில் நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.